என் பங்குக் குளிசைகள்

தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போவதற்கு ஓரிரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. எழுபதுகளின் தொடக்கம். பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஏறிப் போனால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஸ்டோரில் எனக்கு வேலை. எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்து அரைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன் நான். மலையில் மழையில் நனைகிறவர்களைவிட நான் ஒரு படி மேல் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பும் இருந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன் என்பது அதற்கு மேல் இன்னொரு நினைப்பு.

தோட்டத்தின் பெயரையும் எங்கள் பெயரையும் எழுதப் போவதில்லை. என் மனைவி போட்ட ஒரே நிபந்தனை அதுதான். "எழுதுங்க, நாலு பேரு படிக்கட்டும். பேரு மட்டும் வேணாம்" என்றாள்.

அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாதம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கென்று ஒரு காம்பரா. ஒரே அறைதான், ஆனால் பெரியவர்கள் யாரும் கூட இல்லாததால் அதுவே அரண்மனை போல இருந்தது. அவள் கொழுந்து பறிக்கப் போவாள். கெட்டிக்காரி. ஆனால் ஒரு மாதமாக அவள் முகம் சரியில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்தபடி சொன்னாள். வெள்ளைப்படுகிறது, நுரை நுரையாக, மஞ்சளும் பச்சையுமாக. வாடை. அரிப்பு தாங்க முடியவில்லை. மலையில் எல்லாரும் பக்கத்தில் நிற்கும்போது அந்த அவஸ்தையை அடக்கிக்கொண்டு பறிப்பதற்குள் உயிர் போகிறதாம். ஒண்ணுக்குப் போனால் எரிச்சல்.

லயத்துப் பெண்கள் அதற்கு ஒரே பெயர்தான் வைத்திருந்தார்கள், சூடு. வெந்தயத்தை ஊற வைத்துக் குடி என்றார்கள். குளிர்ந்த பாறையில் உட்காராதே என்றார்கள். பொதுக் கக்கூசில் ஒட்டியிருக்கும் என்றாள் ஒருத்தி. என் மனைவி பதினைந்து நாள் வெந்தயம் குடித்தாள். எனக்கு அவள் மேல் உண்மையிலேயே பாவமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் செய்ததை எழுதும்போது நான் பிறவியிலேயே கல்நெஞ்சன் என்று நீங்கள் நினைக்கக்கூடும்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். எங்கள் ஊர் டிஸ்பென்சரியில் ஒரு ஜன்னல். மருந்துக் கலவை வாங்க வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலோடு ஆட்கள் அந்த ஜன்னல் முன்னால் வரிசையில் நிற்பார்கள். யாருக்கு என்ன நோய் என்பது பின்னால் நிற்கும் பத்துப் பேருக்கும் கேட்கும். மருத்துவச்சி அம்மா என் மனைவியை உள்ளே அழைத்துப் பார்த்துவிட்டு, மருந்து கொடுக்கும் ஐயாவிடம் ஏதோ சொன்னார். ஐயா என்னை ஜன்னலுக்கு வெகு அருகில் கூப்பிட்டு குளிசைகள், அதாவது மாத்திரைகள், போட்ட இரண்டு காகித உறைகளை நீட்டினார்.

"இது ரெண்டு பேருக்கும் உள்ள நோவு. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு ஒனக்கு. ஒரு வாரம் விடாமப் போடணும். சாராயம் தொடக் கூடாது."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவன் களுக்கென்று சிரித்தான். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உறைகளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கும் அத்தனை பேர் முன்னால் விளக்கிச் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்கு அரிப்பில்லை, எரிச்சலில்லை, ஒன்றுமில்லை. இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து? அதோடு அந்த வாரம் மாரியம்மன் கோயில் திருவிழா. ஸ்டோர்க்காரர்கள் எல்லாரும் கூடிக் குடிக்கும் நாட்கள். ஒரு வாரம் வாயைக் கட்டு என்றால் எப்படி? ஆனால் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் வேறு. இவ்வளவு கஷ்டப்படுகிறாளே, ஒரு உறையில் குணமாவது இரண்டு உறையில் இன்னும் நன்றாகக் குணமாகுமே என்று என் பங்கையும் அவளிடமே கொடுத்தேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல புள்ள. இதையும் நீயே போடு. நல்லா ஆயிரும்."

பெரிய தியாகம் செய்தவன் போல அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திருவிழாவுக்குப் போனேன். அவள் இரண்டு உறைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக முடித்தாள். வாயெல்லாம் தகரத்தை நக்கியது போல இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, சோறு இறங்காமல், பதினான்கு நாள் குமட்டலோடு மலைக்குப் போனாள். லயத்துப் பெண்கள் அதைப் பார்த்து, முழுகாமல் இருக்கிறாளோ என்று கண்ணடித்தார்கள். அது வேறு அவளுக்குச் சங்கடம்.

நோய் போய்விட்டது. முகம் தெளிந்தது. அடுத்த இரண்டு மாதம் நாங்கள் மிகச் சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு திரும்ப வந்தது. அதே நுரை, அதே வாடை, அதே அரிப்பு. அவள் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மறுபடியும் அந்த ஜன்னல். ஐயா இந்த முறை என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"போன தடவ நீ குளிசய ஒழுங்காப் போட்டியா?"

"போட்டேங்க ஐயா."

"நெசமா?"

"நெசமாத்தாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம்தான், வேறென்ன. கொடுத்த மருந்தைப் போடாதவன் என்று அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்க வேண்டுமே என்ற பயம். எனக்கோ நோயே இல்லை, போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன, இதில் ஒரு பொய் சொன்னால் யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். என் மனைவி எனக்குப் பின்னால், தூணோரம் தலைத்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது பொய் என்று தெரியும். அந்தக் குளிசைகளை விழுங்கியவளே அவள்தானே. ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஐயா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். குளிசை முடிந்துவிட்டது என்று சொல்லி, பதுளை ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டுக் கடுதாசி எழுதினார். அதை நீட்டும்போது குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பேரும் போட்டும் திரும்ப வருதுன்னா இது வெளியில இருந்துதான் வந்திருக்கணும். பொண்டாட்டியக் கொஞ்சம் பாத்துக்கடா" என்றார்.

ரெண்டு பேரும் போட்டும். நான் போடவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் அந்தக் கணத்திலிருந்து அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். என் பொய்யின் மேல் அவர் கட்டிய கணிப்பு அது என்று என் மண்டையில் உறைக்கவேயில்லை. எட்டாம் வகுப்புப் படிப்பு!

பதுளைக்குப் போகவில்லை. துண்டு என் சட்டைப் பையிலேயே கசங்கியது. நான் அவளைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி அவளிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால் எனக்குள் தீ. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவள் கொஞ்சம் தாமதித்தால் தீ. ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவளுக்கு முதலில் நான் கேட்பது என்னவென்றே புரியவில்லை. புரிந்ததும் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். பழி விழுந்தவர் கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். நான் அவளை அதற்குக் கூப்பிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பூசாரி இல்லாத நேரம். கட்டின மனைவியைக் கோயில் வாசலில் நிற்க வைத்தேன். எழுதவே கை கூசுகிறது.

அவள் தயங்கவில்லை. கல்லின் மேல் சூடம் எரிந்தது. உள்ளங்கையை அதன் மேல் வைத்து அமுக்கினாள். "ஒங்களத் தவிர எனக்கு யாரையும் தெரியாது. ஆத்தா மேல ஆண" என்றாள். பிறகு மிச்சமிருந்த சூடக் கட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப நீங்க."

நான் கையை நீட்டவில்லை. ஆம்பளைக்கு என்னத்துக்குச் சத்தியம் என்று உறுமிவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் நடந்த ஒன்று நெஞ்சில் முள்ளாக ஏற, விறுவிறுவென்று இறங்கி வந்துவிட்டேன். கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது, பெரஹரா ஊர்வலம் பார்க்கிற சாக்கில் ஸ்டோர்ச் சிநேகிதன் ஒருவனோடு பதுளைக்குப் போய், ஒரு வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு தடவைதான். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட என் புத்திக்குத் தெரியவில்லை என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. முடிச்சுப் போட எனக்கு விருப்பமில்லை.

என்னை நினைத்து நான் கோபப்பட்டிருக்க வேண்டும். அவள் மேல்தான் கோபப்பட்டேன். மறுநாளே அவளை லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த அவளுடைய அக்கா வீட்டுக்குப் பஸ் ஏற்றினேன். தாயும் தகப்பனும் இல்லாதவளுக்கு அந்த அக்காதான் எல்லாம். பஸ் புறப்படும்போது அந்தக் கசங்கிய துண்டை மட்டும் ஜன்னல் வழியாக அவள் மடியில் போட்டேன். நான் அந்த நாட்களில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், அதையும் கோபத்தில்தான் செய்தேன்.

மூன்று வாரம். காம்பராவில் அடுப்பு எரியவில்லை. அக்காவுக்கு உடம்புக்கு முடியவில்லை, அதனால் போயிருக்கிறாள் என்று லயத்தில் சொல்லி வைத்தேன். அவளை அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். எங்கள் குடும்பம் அந்த மூன்று வாரத்தில் ஒரு நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், ஸ்டோர் வாசலில் அவள் அக்கா வந்து நின்றாள். அவளும் கொழுந்து பறிக்கிறவள்தான். குரலை உயர்த்தாமல், பக்கத்தில் போகிறவர்களுக்குச் சுகம் விசாரிப்பது போலத் தெரியும்படியே பேசினாள்.

"தம்பி, பதுளையில காட்டியாச்சு. டாக்டரம்மா ஒங்களையும் பாக்கணுமாம். வெள்ளிக்கெழம வாங்க. காலையில ஒண்ணுக்குப் போகாம அடக்கிட்டு வரச் சொன்னாங்க."

"எனக்கு என்னா மதினி? நோவு அவளுக்குத்தானே?"

"வாங்க. வரலன்னா சனிக்கெழம விடிய நான் ஒங்க பெரட்டுக் களத்துக்கு வருவேன். தொர, கணக்கப்புள்ள, கங்காணி எல்லாரும் நிக்கையில, என் தங்கச்சிய எதுக்கு அனுப்புனீங்கன்னு ஒரே ஒரு வார்த்த கேப்பேன்."

பெரட்டு என்றால் காலையில் தோட்டமே கூடி நின்று வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம். அங்கே ஒரு வார்த்தை விழுந்தால் அடுத்த தோட்டம் வரை போய்ச் சேரும். அவள் சொன்னால் செய்கிறவள் என்பது எனக்குத் தெரியும். வருகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் பஸ் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அடிவயிறு இழுக்கும். எங்கள் ரோட்டில் எத்தனை வளைவு என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பள்ளத்திலும் மாரியம்மனைக் கூப்பிட்டேன். டிரைவர் நடுவழியில் நிறுத்தி யாரோ ஒருவருடைய முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றினான். அவனை அன்று நான் மனதில் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் என் மனைவி அக்காவோடு உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்க முயன்று, பிறகு என்ன நினைத்தாளோ, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்தார்கள். முதலில் வரும் சிறுநீரை அதில் பிடித்துக் கொண்டுபோய்ப் பரிசோதனை அறையில் கொடுத்தேன். அங்கே இருந்தவர் பதுளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், என் வயதுதான் இருக்கும். எங்கள் பக்கத்தில் அவர்களை மரியாதையாக நானா என்றுதான் கூப்பிடுவோம். சும்மா இருக்க வேண்டியதுதானே, நான்? இல்லை.

"என்கிட்ட ஒண்ணும் இருக்காதுங்க நானா. ஒங்களுக்குத்தான் வீண் வேல" என்றேன்.

அவர் போத்தலில் இருந்ததை ஒரு இயந்திரத்தில் வைத்துச் சுற்றினார். அடியில் படிந்த துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இஞ்ச வாங்க. ஒரு கண்ண மூடிட்டுப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு அதற்குள் சின்னச் சின்ன உயிர்கள். பேரிக்காய் வடிவம், ஒரு முனையில் மயிரிழை போல வால்கள். ஒன்று துடித்துத் துடித்து ஒரே இடத்தில் சுழன்றது. இன்னொன்று நான் பார்க்கப் பார்க்க வெளிச்சத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நீந்திப் போனது.

"இது அவளோடதுங்களா?" என்று கேட்டேன்.

"அவங்கட போன கெழமையே பாத்தாச்சு. இண்டைக்கு நான் பாத்தது ஒங்கட மட்டும்தான்."

அவர் என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஏளனமாக ஒரு பார்வை, ஒரு சிரிப்பு சிரித்திருந்தால்கூட நான் எழுந்து ஓடியிருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை. கடுதாசியில் முடிவை எழுதியபடியே, "கன பேருக்கு இரிக்கிது. ஆம்புளைக்கு ஒண்டும் வெளங்காது, அதான் கரைச்சல். பயப்பட வேணாம்" என்றார்.

டாக்டரம்மா சிங்களவர், இளம் வயது. அவருடைய தமிழ் அரைகுறை. அந்த நானாவே வந்து நின்று மொழிபெயர்த்தார். நோயின் பெயர் அப்போது என் வாயில் நுழையவில்லை. பரிசோதனைத் துண்டில் எழுதியிருந்ததைப் பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தேன், டிரைக்கோமோனஸ். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. ஆணும் பெண்ணும் சேரும்போதுதான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். சூடும் காரணமில்லை, குளிர்ந்த பாறையும் காரணமில்லை, பொதுக் கக்கூசும் இல்லை. பெரும்பாலான ஆண்களுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. பெண்களிலும் பலருக்கு இருக்காதாம், மாதக்கணக்கில் உடம்பில் சும்மா கிடக்கும். அதனால் யாரிடமிருந்து யாருக்கு, எப்போது வந்தது என்று பரிசோதனையால் சொல்ல முடியாது, அதை நான் கேட்கவும் மாட்டேன் என்றார் டாக்டரம்மா. ஒரே காலத்தில் இரண்டு பேரும் மருந்து போட வேண்டும், அது முடிந்து இரண்டு பேருக்கும் குணமாகும்வரை சேரக் கூடாது. அவ்வளவுதான், போய்விடும்.

நானா இங்கே தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். "லயத்தில ஒரு காம்பராவுக்கு மட்டும் மூட்டைப்பூச்சி மருந்து அடிச்சா என்ன நடக்கும்? பக்கத்துக் காம்பராவில இரிந்து திரும்பி வரும்தானே? அது மாதிரித்தான்."

பிறகு டாக்டரம்மா கேட்டார். போன தடவை தோட்டத்தில் கொடுத்த மருந்தை நீங்கள் போட்டீர்களா?

என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் அவளும் அவள் அக்காவும் டாக்டரம்மாவும் நானாவும், நான்கு பேர். டிஸ்பென்சரி ஜன்னலில் பத்துப் பேர் முன்னால் சொல்ல முடியாததை இங்கே நான்கு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது.

"போடலீங்க. என்னோடதையும் அவளுக்கே குடுத்துட்டேன். போட்டேன்னு ஐயாகிட்ட பொய் சொன்னேன்."

"அனே" என்றார் டாக்டரம்மா. சிங்களத்தில் அய்யோ பாவம் என்று அர்த்தம். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அவளைப் பார்த்துத்தான் இருக்கும்.

பஸ் நிலையத்தில் அக்கா எங்களைத் தனியே விட்டுவிட்டு வெற்றிலை வாங்கும் சாக்கில் நகர்ந்தாள். நான் மனைவியிடம் பதுளை வீட்டுக்குப் போன கதையைச் சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். அவள் கைப்பிடிக் கம்பியைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் நான், "அன்னைக்கு ஐயா கேட்டப்ப நான் சொன்னது பொய்யின்னு ஒனக்குத் தெரியுமே. நீ ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"அத்தன பேரு நின்னாங்க. ஒங்களுக்கு அசிங்கமாப் போயிருமேன்னு நெனச்சேன்."

இதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள். அவள் நான்கு அறை அறைந்திருந்தால் எனக்கு அதைவிடச் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பஸ் நிலையத்தில், சனங்கள் போகும் வழியில், எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சமாதானப்படுத்தவில்லை. "குளிசையப் போட்டு முடிங்க. நானும் முடிக்கிறேன். அப்பறம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு லுணுகலை பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் காலையில் டிஸ்பென்சரி ஜன்னலுக்குப் போனேன். வரிசை முழுக்கப் பெண்கள். ஐயாவிடம், அன்றைக்குப் பொய் சொன்னேன் என்றேன், தாழ்ந்த குரலில் அல்ல. பதுளையில் கொடுத்த இந்தக் குளிசைகளை உங்கள் கண் முன்னாலேயே விழுங்குகிறேன், அவளிடம் யாராவது சாட்சி சொல்ல வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் யோசிக்காம ஒரு வார்த்த விட்டுட்டேன்" என்று சொல்லித் தண்ணீர்க் குவளையை நீட்டினார். ஏழு நாள், மூன்று வேளை. ஸ்டோரிலிருந்து ஓடி ஓடிப் போய் விழுங்கிவிட்டு வந்தேன். வாயெல்லாம் தகரம். அவள் இரண்டு பங்கு தின்றபோது எப்படி இருந்திருக்கும் என்று ஏழு நாளும் நாக்கு சொல்லிக்கொண்டேயிருந்தது.

ஸ்டோரில் கேலிக்குக் குறைவில்லை. பொம்பளை நோவுக்கு மருந்து தின்கிறவன் என்று பெயர் வைத்தார்கள். சம்பள நாளில் நான் சாராயத்தைத் தொடாமல் எழுந்தபோது கைதட்டினார்கள். அன்று என்னோடு பதுளைக்கு வந்த சிநேகிதன் மட்டும் சிரிக்கவில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அவனும் அவன் மனைவியும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு பதுளை பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தேன். கல்யாண வீட்டுக்குப் போகிறோம் என்று லயத்தில் சொல்லியிருந்தான்.

அந்தப் பதுளை வீட்டில் இருந்த பெண்ணையும் அந்த நாட்களில் நினைத்தேன். அவளுக்கும் யாரோ கொடுத்துவிட்டுப் போனதுதானே. அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக யார் இருந்திருப்பார்கள்? அதற்கு முன் அவளுக்கு ஒரு முகம் இருந்ததாகவே நான் நினைத்ததில்லை.

குளிசைகள் முடிந்த மறுநாள் லுணுகலைக்குப் போனேன். டிஸ்பென்சரி ஐயா எழுதிய இரண்டு வரிக் கடுதாசியைக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கிப் பக்கத்துக் காம்பராவில் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டாள். பிறகு உள்ளே பார்த்து, "துணிமணிய எடுத்து வையி" என்றாள். அதன் பிறகுதான் எனக்குத் தேத்தண்ணீர் வந்தது.

அடுத்த மாதம் இரண்டு பேரும் பதுளைக்குப் போய்த் திரும்பப் பரிசோதித்தோம். ஒன்றுமில்லை என்றார் நானா. எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அந்த விஷயத்தை எடுத்து அவள் ஒரு நாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. நல்ல மனைவியாகவே இருந்தாள், நானும் முடிந்தவரை நல்ல புருஷனாக இருக்கப் பார்த்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் மாறிப்போயிற்று. அன்றிலிருந்து அவள் தன் உடம்பில் ஏதாவது என்றால் என்னிடம் சொல்வதை விட்டுவிட்டாள். முதல் பிள்ளைக்கு இடுப்பு வலி எடுத்தபோது பக்கத்துக் காம்பராக்காரிக்குத் தெரிந்து, அவள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தபோது அக்காவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே தெரிந்திருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்கிற வாயை நான்தான் அன்றைக்கே தொலைத்துவிட்டேனே.

இப்போது பண்டாரவளைப் பக்கம் மூத்த மகனோடு இருக்கிறோம். தனியாகிப்போன அக்காவும் எங்களோடுதான். போன வருஷம் ஒரு காலையில் நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மனைவி அவளைத் தாண்டி என்னிடம் வந்து நின்று, "என்னாங்க, வலது கண்ணு கொஞ்ச நாளா மங்கலாத் தெரியுது" என்றாள். வயசானால் எல்லாருக்கும் வருகிற வெண்படலம்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நான் பேப்பரை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் எழுந்து நின்று, உடனே சட்டையை மாட்டிக்கொண்டேன், அவள் அப்படி என்னிடம் வந்து சொல்ல நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.